குச்சியை யார் உரசுவது?

லண்டன்
9 நவம்பர் 1975

அன்புள்ள அப்பா,

நலம். அம்மாவிடமும் நலம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் வயிறு எரிகிறது. யாரிடமாவது கொட்டாவிட்டால் இங்கே ஒரு தட்டு உடையும். தட்டோ வீட்டுக்காரி மிஸஸ் கோல்மனுடையது.

வெள்ளிக்கிழமை 'கசியும் காலம்' தொடரின் புதுப் பகுதியை ஒளிப்பதிவு செய்தோம். நீங்கள் 'உன் அலறல் நாடகம்' என்பீர்களே, அதுதான். உங்கள் கேலியில் தப்பில்லை. நான் நடிக்கும் கிட் என்ற பெண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டே வேலை. "அது என்ன, இன்ஸ்பெக்டர்?" என்று கேட்பது ஒன்று, அலறுவது இன்னொன்று. எதிர்காலத்திலிருந்து வந்து, காலத்தில் விழுந்த ஓட்டைகளை அடைப்பதெல்லாம் இன்ஸ்பெக்டர் ஸ்ட்ராண்டின் வேலை. அந்த வேடம் ரோலண்ட் மேவுக்கு.

இந்த முறை மட்டும் கதை எழுதியவருக்கு நல்ல புத்தி வந்தது. விக்டோரியா ராணி காலத்து லண்டன். ஆட்களை விழுங்கும் ஒரு மூடுபனி. அது பயப்படுவது நெருப்புக்கு மட்டும். இன்ஸ்பெக்டர் பனிக்குள் மாட்டிக்கொள்ள, கிட் ஒரு கைவிளக்கை ஏற்றிக்கொண்டு தனியாக உள்ளே நடக்கிறாள். நான்கு பக்க வசனம், அப்பா! ஒரு அலறல்கூட இல்லை. அதற்காக மூச்சு முட்டும் இடுப்புக்கச்சையைக்கூடச் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டேன்.

எல்லாம் அந்த விளக்கில் வந்து நின்றது. உள்ளே எண்ணெய்த் திரி. திரியின் வெளிச்சம் காமிராவுக்குப் போதாது என்று பின்னால் ஒரு குட்டி பல்பை ஒளித்து வைத்திருந்தார்கள். கடைசி ஒத்திகைக்கு நான் அதைக் கையில் எடுத்ததும் மின்பிரிவு யூனியன் தலைவர் லென் டோசர் வந்தார்.

"பல்பு இருக்குல்ல? அப்ப அத ஏத்துறது எங்க ஆளு."

சாமான் பிரிவுக்காரர் விடவில்லை. "கைல தூக்கிட்டுப் போற சாமான் எங்களுது. வெளக்கோ வெங்காயமோ, தூக்குனா எங்களுது."

தந்திரக் காட்சிப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். "தீ எரிஞ்சா அது எங்க வேலை சார். குச்சிய உரசுறதுகூட எங்க ஆளுதான்."

பத்து மணி அடித்தால் ஸ்டூடியோ விளக்குகள் அணைந்துவிடும். அது அங்கே வேதம். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இயக்குநர் மேலே கண்ணாடி அறையில் தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்கு வந்ததே கோபம். உடைக்காரப் பெண்ணிடம் தீப்பெட்டி வாங்கி, ஒரு குச்சியை உரசி, நானே ஏற்றிவிட்டேன்.

மூன்று வாயும் ஒன்றாக மூடின. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். லென் டோசர் மேலே விளக்குச் சட்டத்தில் நின்ற தன் ஆட்களைப் பார்த்து, "பசங்களா, எறங்குங்கடா" என்றார். அவ்வளவுதான். விளக்குகள் எல்லாம் அணைந்தன. என் நான்கு பக்கமும் போச்சு.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? ஒரு விளக்கை ஏற்ற மூன்று சங்கமா? சத்தியமாகச் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நெரிஸ்


கூம் டெர்வென்
16 நவம்பர் 1975

நெரிஸ்,

கடிதம் கிடைத்தது. சிரிப்பு வரவில்லை.

மூன்று பேர் ஒரு விளக்குக்குச் சண்டை போட்டது உனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இந்த வருஷம் விளக்கை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் ஏணியை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். அதற்கடுத்த வருஷம் ஆளே வேண்டாம் என்பார்கள். இதை நீ சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை கேட்டிருப்பாய்! கரண்டியை நக்கிக்கொண்டு கேட்டாய் போல, மண்டையில் ஏறவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஒருவனுடைய விளக்கு அணைந்தால் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியும். இருட்டில் தடவித் தடவி, ஏற்றும் இடத்துக்குப் போவான். ஏற்றும் அதிகாரம் உள்ளவன் ஏற்றிக் கொடுப்பான். வேறு எவனும் தொடமாட்டான், அவன் மேனேஜராக இருந்தாலும். குச்சியோ சிகரெட்டோ கொண்டுபோகிறோமா என்று இறங்கும்முன் பையைத் தடவிப் பார்ப்பார்கள். நானே ஆயிரம் பேரைத் தடவியிருக்கிறேன். உன் சித்தப்பா இட்ரிஸ் செத்த அன்று உள்ளே எவனோ ஒருவன் அவசரத்துக்குக் குச்சியை உரச, வாயு வெடித்தது. அவனுக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை.

மூன்று தொழிலாளிகள் கையைக் கட்டி நிற்கும்போது நடுவில் புகுந்து அவர்கள் வேலையைச் செய்து முடித்துவிட்டு, "விஷயம் முடிந்தது" என்று நினைப்பவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே பெயர்தான். கருங்காலி. அந்தச் சொல்லை என் வீட்டு விலாசத்துக்கு எழுதவேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த லென் டோசரிடம் போய் மன்னிப்புக் கேள்.

எம்ரிஸ் ஹவெல்ஸ்
கிளைச் செயலாளர்


லண்டன்
20 நவம்பர் 1975

கிளைச் செயலாளர் அவர்களுக்கு,

நான் கடிதம் எழுதியது அப்பாவுக்கு. பதில் வந்தது சுரங்கச் சங்க அலுவலகத்திலிருந்து. முத்திரை ஒன்றுதான் குறை, அதையும் குத்தியிருக்கலாம்.

கருங்காலி! பெற்ற மகளுக்கு! அந்தச் சொல்லைப் படித்துவிட்டு மிஸஸ் கோல்மன் முன்னால் அழுதேன். அவள் பாவம், வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று டீ போட்டுக் கொடுத்தாள். வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் மூன்று பேருந்து மாறி வந்து, உங்கள் சங்கக் கூடத்தில் சூப் ஊற்றியவள் நான். அன்றைக்கு எனக்கு ஒத்திகை இருந்தது. ஒரு வாய்ப்பும் போனது. உங்களிடம் நான் அதைச் சொல்லவேயில்லை.

சித்தப்பாவை ஏன் இழுத்தீர்கள்? அது அட்டையில் செங்கல் வரைந்த தெரு. அங்கே நிலத்தடி வாயு இல்லை. இரண்டடி தள்ளி தீயணைப்புக்காரர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அவசரத்தில் உரசியவனும் நானும் ஒன்று என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

இன்னும் கேளுங்கள். தயாரிப்பாளர் பார்ஜிட்டர் நேற்று என்னைக் கூப்பிட்டார். பாக்கிக் காட்சிகளை எடுக்க டிசம்பரில் ஒரு நாள் கிடைத்திருக்கிறதாம். அதற்குள் நான் எல்லா ஊழியர்கள் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டுமாம்.

"இல்லாட்டி அந்தக் காட்சிய ரோலண்டுக்கு மாத்தி எழுதிடுவோம், கண்ணு. ஒனக்கும் சிரமம் இல்ல" என்றார். கண்ணாம். இரண்டு வருஷமாக என் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் இதுவரை அலறியதெல்லாம். அது போனால் அடுத்த ஒப்பந்தத்திலும் எனக்கு அலறல்தான். அதற்காக முதுகை வளைப்பேன் என்று நினைக்காதீர்கள். வளையாத முதுகு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

நெரிஸ்


கூம் டெர்வென்
24 நவம்பர் 1975

நெரிஸ்,

வளையாமல் இருப்பது முதலாளியிடம். தொழிலாளியிடம் இல்லை.

மன்னிப்புக் கேள்.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. அதற்கும் நீதான் காரணம்.

எ. ஹவெல்ஸ்


லண்டன்
29 நவம்பர் 1975

அப்பா,

மாட்டேன்.

மாற்றி எழுதிய பக்கங்கள் வந்துவிட்டன. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். பனி என்னைச் சூழ்கிறது. கிட் விளக்கைப் பார்க்கிறாள். கை நடுங்குகிறது. "என்னால முடியாது, இன்ஸ்பெக்டர்" என்கிறாள். பிறகு மயங்கி விழுகிறாள். இன்ஸ்பெக்டர் அவள் கையிலிருந்து விளக்கை எடுக்கிறார். அடுத்த காட்சியில் அது எரிந்துகொண்டிருக்கிறது. யார் ஏற்றினார்கள் என்று காட்டவே போவதில்லை. மூன்று பிரிவுக்கும் தகராறு இல்லை பாருங்கள். பார்ஜிட்டருக்கு இது பெரிய சாமர்த்தியமாம்.

நான் எப்படி விழவேண்டும் என்று ரோலண்ட் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "இடது பக்கமா சாயும்மா, அப்பதான் என் மூஞ்சி மறையாது" என்கிறார். நானும் சாய்ந்து சாய்ந்து பழகுகிறேன். இடுப்பில் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது.

பனிக்குள் வரும் அரக்கன் யார் தெரியுமா? சாம்பல் நிற நைலான் வலைக்குள் குனிந்து நடக்கும் ஒரு கிழவர். புகை தாங்காமல் இருமிக்கொண்டே இருப்பார். இந்த மனிதருக்குப் பயந்துதான் உங்கள் மகள் மயங்கி விழப்போகிறாள்.

ஜனவரியில் ஒளிபரப்பாகும். பார்க்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காரணத்தையும் நீங்களே சொல்லுங்கள்.

நெரிஸ்


கூம் டெர்வென்
3 டிசம்பர் 1975

நெரிஸ்,

மயங்கி விழுவதா? என் மகளா?

நீ பத்து வயதில் மோஸ்டின் வீட்டுக் காளை விரட்டியபோது அதன் மூக்கில் ஒரு குத்து விட்டவள். இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பெண் பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறாள், சொல்! வெடிப்பு நடந்த அன்று சுரங்க வாசலில் உன் பாட்டி இரண்டு நாள் நின்றாள். அங்கே நின்ற பெண்களில் ஒருத்திகூட விழவில்லை. 'என்னால முடியாது' என்று எவன் எழுதினான்? அவன் பெயரை அனுப்பு.

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை கமிட்டி. மற்ற விஷயங்களைத் தள்ளி வைத்துவிட்டு இதைப் படித்தேன். நீ கோபப்படுவாய். படு. மோஸ்டின்தான் முதலில் கேட்டான்.

"எம்ரிஸ், காமிரா ஓடறப்ப அந்தப் புள்ள வெளக்க ஏத்துனா, அது யாரோட வேலைய்யா?"

"யாரோடதுன்னா? அதான் மூணு பேரு சண்ட போடுறானுங்களே."

"அவனுங்க யாரும் கதைல இல்லியே. கதைல ஏத்துறது அந்தக் கிட்டு பொண்ணு. கிட்டு யாரு? ஒம் பொண்ணு. அதுக்குத்தான அவளுக்குச் சம்பளம்?"

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் சங்கத்தில் இருக்கிறேன், இது தோன்றவில்லை. இங்கே கவனமாகக் கேள். ஒத்திகையில், காமிரா ஓடாதபோது நீ உரசிய குச்சி அடுத்தவன் வேலை. அது தப்பு. அதில் நான் ஒரு அங்குலம் விடமாட்டேன். ஆனால் காமிரா ஓடும்போது உரசவேண்டிய குச்சி நடிகரின் வேலை. அது உன் தொழில். உன் தொழிலைத்தான் அந்த மூன்று பேரும் பங்கு போட்டார்கள். இப்போது உன் பார்ஜிட்டர் அதைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுக்கிறான். நீயும் இடது பக்கமாகச் சாய்ந்து பழகிக்கொண்டிருக்கிறாய்!

உனக்கும் ஒரு யூனியன் இருக்கிறதல்லவா? அட்டையை எங்கே வைத்திருக்கிறாய், பவுடர் டப்பாவிலா? உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு லென் டோசரிடம் போ. பார்ஜிட்டரிடம் போகாதே. லென் டோசரிடம். எண்ணெய் ஒருவன் ஊற்றட்டும். பல்பை ஒருவன் மாட்டட்டும். விளக்கை உன் கையில் ஒருவன் கொடுக்கட்டும். குச்சி மட்டும் உன்னுடையது. ஒத்திகைக் குச்சிக்கு மன்னிப்புக் கேள். மற்றதற்குக் கேட்டால் வீட்டுப் பக்கம் வராதே.

கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது.

எம்ரிஸ் ஹவெல்ஸ்
கிளைச் செயலாளர்


லண்டன்
14 டிசம்பர் 1975

அப்பா,

என் கடிதத்தைக் கமிட்டியில் படித்தீர்களா! என் இடுப்பு நீலமாகக் கன்றியிருப்பதையும் மோஸ்டின் மாமாவுக்குப் படித்துக் காட்டினீர்களா? அடுத்த முறை நான் ஊருக்கு வந்தால் அவர் என் இடுப்பை விசாரிப்பார். இதற்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும், மரியாதை குறைவாக.

சரி. போனேன்.

எங்கள் யூனியன் ஆள் ஒரு பயந்த மனிதர். அவரை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. மின்பிரிவு ஆட்கள் எல்லாரும் உணவுக்கூடத்தில் உருளை வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று சத்தமாகச் சொன்னேன்.

"ஒத்திகைல நான் ஒரசின குச்சிக்கு மன்னிப்பு கேக்கறேன். அது உங்க வேல, நான் தொட்டிருக்கக் கூடாது. ஆனா காமிரா ஓடறப்ப ஒரசற குச்சி என் வேல. அதுக்கு மன்னிப்பு கெடையாது. அத நீங்க தொட்டா, நீங்கதான் எங்கிட்ட கேக்கணும்."

லென் டோசர் வறுவலைக் கையில் பிடித்தபடியே யோசித்தார்.

"யாரும்மா இத ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க அப்பா. கூம் டெர்வென்ல சுரங்க யூனியன் செயலாளர்."

"சுரங்கமா? ஸ்ட்ரைக்கப்ப ஒங்க ஊருப் பக்கமெல்லாம் நாங்க பெட்டி பெட்டியா பீன்ஸ் அனுப்புனமே!"

"தெரியும். தின்னு தின்னு எங்க ஊர்ல இன்னிக்கும் பீன்ஸ்னா ஓடறாங்க."

அவர் சிரித்ததில் வறுவல் கீழே விழுந்தது. "அந்த மனுசன்கிட்ட வாதாட நம்மால ஆவாது சாமி. கேட்டுக்கங்கடா, குச்சி இவளுது" என்றார். சாமான் பிரிவும் தந்திரப் பிரிவும் கொஞ்சம் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டன. லென் டோசரே பார்ஜிட்டரிடம் போய், பழைய காட்சியை எடுத்தால் அவர் ஆட்கள் விளக்குப் போடுவார்கள், மயக்கக் காட்சி என்றால் அவர்களுக்கே மயக்கமாக வரும் போலிருக்கிறது என்று சொன்னாராம்.

பார்ஜிட்டர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். ரோலண்ட்தான் பாவம், "அப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டார். "இடது பக்கமா சாயுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டோம். பத்து மணி அடிக்கும் முன்பே. அது எப்படி வந்தது என்று சொல்லமாட்டேன். ஜனவரி பதினேழு, சனிக்கிழமை. பார்க்கவேண்டாம் என்று முன்னால் எழுதியதை அடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள், தீர்மானம் போட்டீர்கள், வழி சொன்னீர்கள். முதல் கடிதத்தில் எழுதிய அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அம்மாவுக்காக.

நெரிஸ்


கூம் டெர்வென்
18 ஜனவரி 1976

நெரிஸ்,

கூடத்தில் கலர் டி.வி.யைச் சுற்றி நிற்க இடமில்லை. சனிக்கிழமை ரக்பி பார்த்துவிட்டு வந்தவர்கள்கூடப் போகாமல் உட்கார்ந்தார்கள். பீர் விற்பனையை நிறுத்தச் சொன்னேன். உன் அம்மா முன் வரிசையில் தேவாலயத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் குறைகள். அந்த அரக்கன் நைலான் என்று நீ எழுதாவிட்டாலும் தெரிந்திருக்கும். குதிரை வண்டி வரும் சத்தம் கேட்கிறது, குதிரையைக் காணோம். உன் ரோலண்ட் சாய்ந்த சாய்வு ஓட்டுக் கேட்க வந்தவன் படியில் தடுக்கியது போல இருந்தது. அவனுக்கு உன்னைவிட அதிகம் சம்பளம் என்று உன் அம்மா சொன்னாள். அது எவன் போட்ட கணக்கு? அதைப் பிறகு பார்ப்போம்.

நீ அந்தப் பனிக்கு முன்னால் நின்றாய். தீப்பெட்டியை எடுத்தாய். இதை நான் உனக்கு எழுதியாக வேண்டும். கூடம் முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தது. மோஸ்டின் தன் பையைத் தடவிப் பார்த்தான். இருட்டில் குச்சியை எடுப்பதைப் பார்த்தால் எங்களுக்கு அப்படித்தான். எனக்கு இட்ரிஸ் ஞாபகம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொள்வதாக இருந்தேன்.

நீ பூட்ஸ் குதிகாலைத் தூக்கி அதில் உரசினாய். இடது கையைக் குவித்தாய். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, சுடர் நிற்கும்வரை பொறுத்தாய். அவசரமே இல்லை. பிறகுதான் திரியில் வைத்தாய்.

யாரோ பின்னால் சொன்னான்: "அடேய், இது எம்ரிஸுடா!"

எல்லாரும் டி.வி.யை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் கூடத்து வாசல் கட்டைச் சுவரில் உட்கார்ந்து நான் பைப் பற்றவைப்பது அப்படித்தானாம். எனக்குத் தெரியாது. எவன் தன்னைத்தானே பார்க்கிறான்? நீ பள்ளிவிட்டு வந்து என் பக்கத்தில் அந்தச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாய். கரண்டியை நக்கிக்கொண்டு கேட்டாய், மண்டையில் ஏறவில்லை என்று எழுதினேன். தப்பு. எல்லாம் ஏறியிருக்கிறது.

விளக்கு பற்றியதும் குச்சியை நீ கீழே போடவில்லை. ஊதி அணைத்து, சூடு போய்விட்டதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டாய். அப்புறம்தான் பனிக்குள் நடந்தாய். அதை எந்த இயக்குநனும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டான்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது நான் வறுத்த வாத்தை அறுத்துத் தட்டில் போட்டேன், மழையைப் பற்றிப் பேசினேன். அந்தச் சொல்லைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பேச எனக்குத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன். உன்னைக் கருங்காலி என்றது தப்பு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் இதுவரை எதையும் திரும்ப எடுத்தவன் இல்லை, உன் அம்மாவைக் கேள்.

பார்ஜிட்டரிடம் சொல்லிவை. இன்னொரு தடவை உன்னை மயங்கி விழச் சொன்னால், கடிதம் உனக்கு வராது, அவனுக்கு வரும். கமிட்டி கையெழுத்தோடு வரும்.

இது செயலாளர் எழுதியது இல்லை.

அப்பா